வருமான வரி கொஞ்சம், மற்ற வரி மிச்சம்: சிங்கப்பூர்க் கடைக்காரர், ஊழியர், ஓய்வுபெற்றவர் கேட்கும் கேள்விகள்

தேக்கா வட்டாரத்தில் சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. முதலாளி ஒரு கேள்வி கேட்பார், அவரிடம் வேலை செய்யும் தம்பி வேறொன்று கேட்பார், வாசலில் காப்பி குடிக்கும் தாத்தா மூன்றாவதாக ஒன்று கேட்பார். மூவரையும் பயமுறுத்துவது வருமான வரி. ஆனால் அவர்கள் பணப்பையில் அதிகம் கை வைப்பது பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கிறது. அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தனிநபர் வருமான வரிக் கணக்குகள் 2025-இல் ஈட்டிய வருமானத்துக்கு, அதாவது 2026 மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியவை.

சிங்கப்பூரில் வரி ரொம்பக் குறைவு என்கிறார்களே, நிஜமா?

வருமான வரி குறைவுதான். மொத்தமாக எவ்வளவு போகிறது என்று பார்த்தால் கதை கொஞ்சம் மாறும்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரர், வயது 38, மாதச் சம்பளம் 4,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வருடக் கடைசியில் ஒரு மாத போனஸ். ஆண்டு வருமானம் 58,500. இதில் 20 விழுக்காடு, 11,700 வெள்ளி, சிபிஎஃப் எனப்படும் மத்திய சேம நிதிக்குப் போகிறது, அது ஓய்வுக்காலத்துக்கான கட்டாயச் சேமிப்பு. அந்தத் தொகைக்கு வரி இல்லை. சம்பாதிப்பவருக்கான கழிவு 1,000. அம்மா கூடவே இருக்கிறார், அதற்கு 9,000 கழிவு. மிச்சம் 36,800 வெள்ளி. முதல் 20,000-க்கு வரி கிடையாது, அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு, அதற்கு மேல் உள்ள 6,800-க்கு 3.5 விழுக்காடு. 200-உம் 238-உம் சேர்த்து 438 வெள்ளி. மாதத்துக்கல்ல, முழு வருடத்துக்கும் அவ்வளவுதான்.

இப்போது அவர் செலவைப் பாருங்கள். மளிகை, வெளிச்சாப்பாடு, மின்சாரம், கைப்பேசி, துணிமணி என்று ஜிஎஸ்டி (பொருள் சேவை வரி) உள்ள பொருள்களுக்கும் சேவைகளுக்கும் மாதம் 2,000 வெள்ளி செலவழிக்கிறார் என்று வைப்போம். அதற்குள் ஒளிந்திருக்கும் பொருள் சேவை வரி மாதம் 165 வெள்ளி, வருடத்துக்கு 1,980 வெள்ளி சொச்சம். வருமான வரியைப் போல நாலரை மடங்கு. அந்த 438-க்குத்தான் அவர் கடிதம் வந்ததும் பதறுகிறார். 1,980-க்கு யாரும் கடிதம் போடுவதில்லை. ரசீதின் அடியில் சின்ன எழுத்தில் வந்து போய்விடுகிறது.

மேல்தட்டில் விகிதம் ஏறும். 80,000 வெள்ளிக்கு மேல் 11.5, 120,000-க்கு மேல் 15, இப்படிப் போய் 10 லட்சத்துக்கு மேல் 24 விழுக்காட்டில் நிற்கும். அந்தப் படிகளில் இருப்பவர்களுக்கு என் பேச்சு பொருந்தாது. என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நாலு படிக்குள்தான்.

சம்பளத்தில் வரி பிடிக்கவே இல்லை. ஏதோ தப்பு நடக்கிறதா?

இல்லை. இந்தியாவில் போல மாதாமாதம் பிடித்துக் கட்டும் வழக்கம் இங்கே கிடையாது. முதலாளி மார்ச் 1-ஆம் தேதிக்குள் உங்கள் வருமான விவரத்தை உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு அனுப்புவார். நீங்கள் ஏப்ரல் 18-க்குள் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாக இணையத்தில் சரிபார்த்து அனுப்ப வேண்டும். பிறகு வரி அறிவிப்பு வரும். ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் ஜைரோவில் (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) 12 மாதத் தவணையாக, வட்டியில்லாமல் கட்டலாம். ஜைரோ போடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன்.

ஊரில் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறேன். அதற்குக் கழிவு உண்டா?

கிடையாது. இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். பெற்றோர் கழிவுக்கு அவர்கள் சிங்கப்பூரில் வசித்திருக்க வேண்டும், 55 வயது ஆகியிருக்க வேண்டும், அவர்களுடைய ஆண்டு வருமானம் 8,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. கூடவே இருந்தால் ஒருவருக்கு 9,000, இங்கேயே வேறு வீட்டில் இருந்தால் 5,500. தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவுக்கு நீங்கள் எவ்வளவு அனுப்பினாலும் இந்தக் கணக்குக்குள் வராது.

அண்ணன் தம்பிகள் இங்கே ஒரே அம்மாவைப் பார்த்துக்கொண்டால் கழிவைப் பிரித்துக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு என்று ஏப்ரலுக்கு முன்பே பேசி முடித்துவிடுவது நல்லது. இருவரும் முழுத் தொகையைப் போட்டுவிட்டு அப்புறம் திருத்தம் எழுதிக்கொண்டிருப்பதை வருடா வருடம் பார்க்கிறேன்.

எம்ப்ளாய்மென்ட் பாஸில் (நிபுணர்களுக்கான வேலை அட்டையில்) இருக்கிறேன். சிபிஎஃப் இல்லை, கழிவும் இல்லை. எப்படிக் குறைப்பது?

மாதம் 7,000 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 84,000. சம்பாதிப்பவர் கழிவு 1,000 போக 83,000. வரி 3,695 வெள்ளி. வழி ஒன்று இருக்கிறது: எஸ்ஆர்எஸ் எனப்படும் ஓய்வுக்காலத் துணைச் சேமிப்புத் திட்டம். வெளிநாட்டவர் ஆண்டுக்கு 35,700 வெள்ளி வரை போடலாம் (சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் 15,300). 10,000 வெள்ளி போட்டால் வரி 2,860-க்கு இறங்கும். 835 வெள்ளி மிச்சம்.

ஆனால் முன்கூட்டி எடுத்தால் எடுக்கும் தொகை முழுவதும் வருமானமாகக் கணக்கிடப்படும், அதோடு 5 விழுக்காடு அபராதம். வெளிநாட்டவர் முதல் தொகை போட்டுப் பத்து வருடம் கழித்து மொத்தமாக எடுத்தால் பாதிக்குத்தான் வரி, அபராதம் இல்லை. மூன்று வருடத்தில் ஊருக்குக் கிளம்பும் எண்ணம் இருந்தால் இதைத் தொடாதீர்கள்.

வேலை அனுமதியில் (வொர்க் பெர்மிட்டில்) வந்தவன். நான் வரி கட்டணுமா?

பெரும்பாலும் கட்ட வேண்டி வராது. மாதம் 1,200 வெள்ளி வாங்கினால் ஆண்டுக்கு 14,400. அது 20,000-க்குக் கீழே. ஆனால் அந்த 20,000 சலுகை வரிக் கணக்கில் இங்கே குடியிருப்பவராகக் கருதப்படுபவருக்குத்தான். ஒரு நாட்காட்டி ஆண்டில் குறைந்தது 183 நாள் இங்கே இருந்து வேலை செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் சம்பளத்தில் முதல் வெள்ளியிலிருந்தே 15 விழுக்காடு.

ஆகஸ்டில் வந்தவர் பயப்பட வேண்டாம். அந்த வருடம் ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும். ஆனாலும் வேலை தொடர்ந்து அடுத்த வருடத்துக்குப் போய், இரண்டு வருடத்தையும் சேர்த்து 183 நாள் வந்துவிட்டால் இரண்டுக்குமே குடியிருப்பவர் கணக்குதான். இது தெரியாமல் பயந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. 2,000 வெள்ளி வாங்குபவருக்கு ஐந்து மாதத்தில் 10,000. 15 விழுக்காடு என்றால் 1,500 வெள்ளி போயிருக்கும், குடியிருப்பவர் என்றால் ஒரு காசு கிடையாது. அறுபது நாளுக்கு மேற்படாத குறுகிய வேலைக்கு, இயக்குநர், கலைஞர் போன்ற சிலரைத் தவிர, வரியே இல்லை.

லெவி என்று சொல்லிச் சம்பளத்தில் பிடிக்கிறார்களே?

பிடிக்கக் கூடாது. வெளிநாட்டு ஊழியர் லெவி முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் பணம். அதை ஊழியரிடமிருந்து வாங்குவது சட்டப்படி குற்றம். சம்பளச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மனிதவள அமைச்சிடம் போங்கள்.

வேலையை விட்டுக் கிளம்பும்போது கடைசிச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். இது சரியா?

சரிதான், ஆனால் தற்காலிகமாக. வெளிநாட்டு ஊழியர் விலகும்போது முதலாளி குறைந்தது ஒரு மாதம் முன்பே ஐஆர்21 படிவத்தை அனுப்பி, தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். ஆணையம் வரியைக் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளும், மிச்சம் உங்களுக்கு வரும். டிக்கெட் வாங்கவும் ஊருக்குச் சாமான் வாங்கவும் அந்தக் கடைசிச் சம்பளத்தையே நம்பியிருக்காதீர்கள். முன்னாடியே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

சம்பளத்தில் சிண்டா என்று 7 வெள்ளி போகிறது. அதுவும் வரியா?

வரி அல்ல, நன்கொடை. இந்திய வம்சாவளியினரின் சம்பளத்திலிருந்து சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் நிதிக்குப் போகிறது. 2,500-க்கு மேல் 4,500 வரை வாங்குபவருக்கு மாதம் 7 வெள்ளி, 15,000-க்கு மேல் என்றால் 30. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகவும் செய்யலாம். கொடுத்த தொகையைப் போல இரண்டரை மடங்கு வருமானத்தில் கழியும். மேலே சொன்ன 438 வெள்ளிக்காரருக்கு இதனால் வரியில் ஏழு வெள்ளி சொச்சம் குறையும். அதற்காகக் கொடுக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புக்குப் போகும் காசு.

என் கடையை ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யணுமா?

ஆண்டு விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் கட்டாயம். லாபம் அல்ல, விற்பனை. இந்த இடத்தில்தான் எங்கள் பக்கத்து உணவகக்காரர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒரு நாளைக்கு 2,800 வெள்ளி வியாபாரம் ஆகும் கடை பெரிய கடை இல்லை. காலை இட்லி, மதியம் சாப்பாடு, இரவு பரோட்டா என்று ஓடினால் ஆகிவிடும். 365 நாளும் திறந்தால் 1,022,000. கோட்டைத் தாண்டியாச்சு.

டிசம்பர் 31 அன்று அந்த வருட விற்பனையைக் கூட்டிப் பாருங்கள். தாண்டியிருந்தால் ஜனவரி 30-க்குள் விண்ணப்பிக்க வேண்டும், மார்ச் 1 முதல் வரி வசூலிக்க வேண்டும். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் தாண்டும் என்று உறுதியாகத் தெரிந்தாலும், பெரிய கேட்டரிங் ஒப்பந்தம் கையெழுத்தானதுபோல, அப்போதே விண்ணப்பிக்க வேண்டும். தாமதமாகப் பதிவு செய்தால் பதிவு செய்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்குப் போட்டு வரியைக் கேட்பார்கள். நேற்று தோசை தின்றுவிட்டுப் போனவரிடம் இன்று போய் 9 விழுக்காடு கேட்க முடியாது. அது முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும்.

தாண்டாவிட்டால் பதிவு செய்யாமலே இருப்பது லாபம்தானே?

எல்லோருக்கும் அல்ல. பதிவு செய்யாத கடையும் ஜிஎஸ்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறது, திரும்பப் பெற முடியாமல். கடை வாடகை 12,000 வெள்ளி, கட்டட உரிமையாளர் பதிவு பெற்றவர் என்றால் அதற்கு மேல் 1,080 வெள்ளி ஜிஎஸ்டி. பருப்பும் புளியும் சென்னையிலிருந்து கொண்டுவந்தால் துறைமுகத்தில் சரக்கு, காப்பீடு, கப்பல் கூலி எல்லாவற்றின் மொத்தத்துக்கும் 9 விழுக்காடு. (சுங்கத் தீர்வை மதுபானம், புகையிலை, எரிபொருள், வாகனம் இவற்றுக்குத்தான், மளிகைக்கு ஜிஎஸ்டி மட்டும்.) பதிவு பெற்றவர் இதையெல்லாம் கழித்துக்கொள்வார்.

என் கருத்து: வாங்குபவர்கள் பெரும்பாலும் பதிவு பெற்ற நிறுவனங்களாக இருந்தால் தானாகவே பதிவு செய்துகொள்ளுங்கள், நீங்கள் போடும் 9 விழுக்காடு அவர்களுக்குச் சுமை இல்லை, கழித்துக்கொள்வார்கள். வீட்டுக்கு வாங்கும் சாதாரண ஆள்தான் வாடிக்கையாளர் என்றால், கோட்டைத் தாண்டும்வரை பேசாமல் இருங்கள். தானாகப் பதிவு செய்தால் குறைந்தது இரண்டு வருடம் வெளியேற முடியாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்ப வேண்டும், தாமதமானால் மாதத்துக்கு 200 வெள்ளி அபராதம்.

ஐந்து வெள்ளி மசால் தோசையில் ஜிஎஸ்டி எவ்வளவு? 45 காசா?

41 காசு. விலைக்குள்ளேயே வரி இருக்கிறது, ஆகவே 5 வெள்ளியை 9-ஆல் பெருக்கி 109-ஆல் வகுக்க வேண்டும். கணக்கு எழுதும்போது 45 என்று போட்டு அதிகமாகக் கட்டும் கடைகள் இருக்கின்றன. ஒரு தோசைக்கு 4 காசு. நாளைக்கு நானூறு தோசைக்கு எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பதிவு பெற்ற கடை வரி உட்பட்ட விலையைத்தான் பலகையில் எழுத வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் விலக்கு. ‘பிளஸ் பிளஸ்’ என்று எழுதுவது அதனால்தான். அங்கே சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து ஜிஎஸ்டி போடுவார்கள். பதிவு பெறாத கடை ஜிஎஸ்டி என்று சொல்லி வாங்கினால் அது குற்றம். ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

நகைக்கு ஜிஎஸ்டி உண்டா?

உண்டு. சிராங்கூன் ரோட்டில் வாங்கும் சங்கிலி கூலி சேதாரம் எல்லாம் சேர்த்து, வரிக்கு முன் 3,000 வெள்ளி என்றால், அதற்கு மேல் 270 வெள்ளி வரி. முதலீட்டுக்கான தங்கக் கட்டி, 99.5 விழுக்காடு தூய்மை இருந்து மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், 2012 அக்டோபர் முதல் விலக்கு. கல்யாணத்துக்கு நகைதான் வேண்டும், கட்டி வேண்டாம் என்பதால் நம் ஆட்களுக்கு இந்த விலக்கால் பெரிய பயன் இல்லை.

ஊரிலிருந்து வாங்கி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்து திரும்பும் பயணிக்கு 500 வெள்ளி வரை ஜிஎஸ்டி சலுகை உண்டு. ஆனால் வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அனுமதி, சார்ந்திருப்போர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. புது நகையோடு விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

தனிநபர் வியாபாரமாகவே நடத்தலாமா, பிரைவேட் லிமிடெட் ஆக்கணுமா?

தனிநபர் வியாபாரத்தின் லாபம் உங்கள் சொந்த வருமானம். தனிநபர் விகிதத்தில் வரி. கம்பெனிக்கு 17 விழுக்காடு, 2010 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து மாறவில்லை. ஆனால் யாரும் முழுசாக 17 கட்டுவதில்லை. தகுதி பெறும் புதுக் கம்பெனிக்கு முதல் மூன்று மதிப்பீட்டு ஆண்டுகளில் முதல் 100,000 வெள்ளியில் முக்கால் பங்குக்கும் அடுத்த 100,000-இல் பாதிக்கும் வரி இல்லை.

லாபம் 80,000 என்றால், கழிவுகளைச் சேர்க்காமலே, தனிநபருக்கு 3,350 வெள்ளி, புதுக் கம்பெனிக்கு 3,400. வித்தியாசமே இல்லை, கம்பெனிக்குச் செயலாளர் செலவு, கணக்காளர் செலவு வேறு. என்னைப் போன்றவர்களுக்கு வருமானம், உங்களுக்கு இல்லை. லாபம் 200,000 என்றால் தனிநபருக்கு 21,150, புதுக் கம்பெனிக்கு 12,750. மூன்று வருடம் கழித்துச் சலுகை குறைந்த பிறகும் 16,575-தான். கம்பெனி தரும் ஈவுத்தொகைக்கு மறுபடி வரி கிடையாது. ஆகவே லாபம் லட்சத்தைத் தாண்டி நிலைக்கும்போது யோசியுங்கள். கடன், வழக்கு என்று வந்தால் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது காரணமாக இருந்தால், அது வரிக்கு அப்பாற்பட்டது. அப்போது முன்பே மாறலாம்.

பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்கு வரிச் சலுகை தருகிறார்களே, எங்களுக்கு இல்லையா?

அவர்களுக்கும் இப்போது ஒரு தரை போட்டிருக்கிறது. உலக அளவில் 75 கோடி யூரோவுக்கு மேல் வருவாய் உள்ள குழுமங்கள் 2025 ஜனவரி முதல் குறைந்தது 15 விழுக்காடு கட்ட வேண்டும். உங்கள் கடைக்கு இதனால் ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் சின்னக் கடைக்கு எதுதான் சுமை?

வாடகைக்கு அடுத்து ஆள் செலவு. லாபம் இருந்தால்தான் வருமான வரி. லாபமே இல்லாவிட்டாலும் லெவி கட்டணும், சிபிஎஃப் கட்டணும். சேவைத் துறையில் தேர்ச்சி குறைந்த வேலை அனுமதி ஊழியருக்கு முதல் படியில் மாதம் 450 வெள்ளி லெவி, தேர்ச்சி பெற்றவருக்கு 300. வெளிநாட்டவர் விகிதம் கூடக் கூட 800, 600 வரை ஏறும். சின்னக் கடையில் மொத்த ஆளே நாலைந்து பேர் என்பதால் ஒருவரை எடுத்தாலே முதல் படியைத் தாண்டிவிடுவீர்கள். உச்சப் படியான 800 என்றால் ஆண்டுக்கு 9,600 வெள்ளி, ஒரே ஆளுக்கு. மேலே பார்த்த 80,000 லாபத்துக்கான வரியைப் போல இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையல்காரரை வேலை அனுமதியில் எடுக்கலாம் என்றது நல்ல மாற்றம். ஆனால் குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம், மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. பன்னிரண்டுக்கு மேல் ஆள் உள்ள கடைக்குத்தான் ஒருவர் கிடைப்பார். ஐந்து பேர் வைத்து நடத்தும் கடைக்கு அது பக்கத்து வீட்டுக் கல்யாணம்தான்.

உள்ளூர் ஊழியருக்கு முதலாளி பங்கு 17 விழுக்காடு, 55 வயது வரை. 2026 ஜனவரி முதல் மாதச் சம்பளத்தில் 8,000 வெள்ளி வரை சிபிஎஃப் உண்டு. அறுபதும் அதற்கு மேலும் வயதானவரை வைத்திருந்தால் சம்பளம் 4,000-க்குள் இருக்கும்வரை அரசாங்கம் வயதைப் பொறுத்து 7 விழுக்காடு வரை ஈடு தருகிறது. விண்ணப்பிக்கத் தேவையில்லை, சிபிஎஃப் ஒழுங்காகக் கட்டியிருந்தால் தானாக வரும்.

வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டுத் தீபாவளிக்கு விற்கிறேன். இதற்குமா வரி?

லாப நோக்கத்தோடு தொடர்ந்து செய்தால் அது வியாபார வருமானம். செலவு போக வருடத்தில் 6,000 வெள்ளிக்கு மேல் நின்றால் அறிவிக்க வேண்டும், மெடிசேவ் (சிபிஎஃப்பில் மருத்துவச் செலவுக்கான சேமிப்பு) பணமும் கட்ட வேண்டும். வருமான வரி அநேகமாகப் பூஜ்யமாக இருக்கும். மெடிசேவ்தான் எதிர்பாராமல் வரும். ஆனால் அது உங்கள் பெயரிலேயே இருக்கும் பணம், அதைக் கட்டினால்தான் சுயதொழில் செய்பவருக்கு வொர்க்ஃபேர் தொகையும் (குறைந்த வருமானக்காரருக்கு அரசாங்கம் தரும் துணைத்தொகை) கிடைக்கும். மாவு, எண்ணெய், டப்பா, கேஸ் எல்லாவற்றுக்கும் பில் வைத்திருங்கள், ஐந்து வருடத்துக்கு. பேநவ்வில் (கைப்பேசி வழி வங்கிப் பணமாற்று) வந்த பணத்தைக் குடும்பக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் வாங்கினால் ஏப்ரல் மாதம் நிம்மதியாகப் போகும்.

தனியார் வாடகைக் கார் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பில் தொல்லை குறைவு; வருமானத்தில் 60 விழுக்காட்டைச் செலவாக அப்படியே கழித்துக்கொள்ளலாம்.

சிபிஎஃப் லைஃப் (சிபிஎஃப்பிலிருந்து ஆயுள் முழுதும் வரும் தொகை) மாதாமாதம் வருகிறது. வரி உண்டா?

இல்லை. சிபிஎஃப்பிலிருந்து எடுக்கும் பணத்துக்கும், அதன் வட்டிக்கும், வங்கிச் சேமிப்பு வட்டிக்கும், சிங்கப்பூர்க் கம்பெனிப் பங்குகளின் ஈவுத்தொகைக்கும் தனிநபருக்கு வரி கிடையாது. பங்கை விற்று வந்த லாபத்துக்கும், அதையே தொழிலாகச் செய்யாதவரை, இல்லை. ஓய்வுபெற்றவர்களைப் பொறுத்தவரை வருமான வரி முடிந்துபோன கதை என்றே சொல்லலாம்.

எஸ்ஆர்எஸ் மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். எடுப்பதில் பாதிக்குத்தான் வரி என்பதால், வேறு வருமானம் இல்லாதவர் ஆண்டுக்கு 40,000 வெள்ளி வரை எடுத்தாலும் கணக்கில் வருவது 20,000, வரி இல்லை. பத்து வருடத்தில் 400,000 வெள்ளி இப்படியே எடுத்துவிடலாம். ஒரே வருடத்தில் எடுத்துவிடாதீர்கள்.

ஒரு அறையை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மகன் வீட்டோடு போய்விட்டு முழு வீட்டையும் விட்டால் இன்னும் வருமே?

வரும், ஆனால் இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். அறை வாடகை மாதம் 900 என்றால் ஆண்டுக்கு 10,800. ரசீது எதுவும் இல்லாமலே 15 விழுக்காடு செலவாகக் கழியும், மிச்சம் 9,180. வேறு வருமானம் இல்லையென்றால் வரி இல்லை, இருந்தாலும் கடிதம் வந்தால் அறிவிக்க வேண்டும். நீங்களும் அங்கேயே குடியிருப்பதால் சொத்து வரியும் குடியிருக்கும் உரிமையாளர் விகிதத்திலேயே நிற்கும்.

முழு வீட்டையும் விட்டதும் அந்த விகிதம் போய்விடும். வீட்டின் ஆண்டு மதிப்பு (ஓராண்டுக்கு எவ்வளவு வாடகை வரும் என்று ஆணையம் மதிப்பிடும் தொகை) 13,200 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருந்தால், 2025 விகிதப்படி முதல் 12,000-க்கு இல்லை, மிச்சம் 1,200-க்கு 4 விழுக்காடு: 48 வெள்ளி. வாடகைக்கு விட்டால் முழுத் தொகைக்கும் 12 விழுக்காடு: 1,584 வெள்ளி. வருமான வரிப் பயத்தில் என்னிடம் வருபவர்களிடம் இதைச் சொன்னால்தான் முகம் மாறும். மாதம் 3,000 வாடகை வந்தால் இதையும் மீறி லாபம்தான். ஆனால் மகன் வீட்டில் எத்தனை நாள் ஒத்துப்போகும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடாக இருந்தால் கழகத்தின் அனுமதியும் வாங்க வேண்டும்.

ஜிஎஸ்டி 7-இலிருந்து 9 ஆனது. வயசானவர்களுக்கு என்ன ஈடு?

1994-இல் 3 விழுக்காட்டில் ஆரம்பித்தது. 2007-இல் 7, 2023-இல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. முதியோர் பெருகி மருத்துவச் செலவு ஏறுவதைத்தான் அரசாங்கம் காரணமாகச் சொன்னது. ஈடாக வருவதில் நிரந்தரமானது ஜிஎஸ்டி பற்றுச்சீட்டுத் திட்டம். 2025-இல் ஆண்டு மதிப்பு 21,000 வரை உள்ள வீட்டில் இருப்பவருக்கு 850 வெள்ளி ரொக்கம், 31,000 வரை என்றால் 450. கணக்கிடப்படும் வருமானம் 39,000-ஐத் தாண்டக் கூடாது, ஒன்றுக்கு மேல் சொத்து இருக்கக் கூடாது. 65 வயதானவர்களுக்கு மெடிசேவில் 150 முதல் 450 வெள்ளி வரை. வீவக வீடுகளுக்கு மின்சார, தண்ணீர்க் கட்டணத்திலும் கழியும்.

மாதம் 700 வெள்ளி ஜிஎஸ்டி உள்ள பொருள்களுக்குச் செலவழிக்கும் தாத்தா ஆண்டுக்குக் கட்டும் ஜிஎஸ்டி 690 வெள்ளி சொச்சம். 850 ரொக்கம் கிடைத்தால் வரி திரும்ப வந்து மிச்சமும் இருக்கிறது. அதே செலவு செய்யும் நிரந்தரவாசிக்கு ஒன்றும் இல்லை, வேலை அனுமதித் தம்பிக்கும் இல்லை. இந்தத் திட்டம் குடிமக்களுக்கு மட்டும். 9 விழுக்காட்டின் முழு எடையைத் தாங்குவது இவர்கள்தான் என்பது என் அபிப்பிராயம். மறுப்பவர்கள், மருத்துவமனை மானியமும் குடிமகனுக்குத்தானே அதிகம், அதுதான் குடியுரிமை என்பார்கள். அதுவும் நியாயம்தான்.

64 வயதில் வேலைக்குப் போகிறேன். பென்ஷனும் சம்பளமும் சேர்ந்தால் வரி ஏறாதா?

பென்ஷன் என்று நீங்கள் சொல்வது சிபிஎஃப் லைஃப் என்றால் அதற்கு வரி இல்லை, ஆகவே சம்பளத்தை மட்டும் பார்ப்போம். சம்பளம் 2,000 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 24,000. 2026 விகிதப்படி உங்கள் சிபிஎஃப் பங்கு 12.5 விழுக்காடு, 3,000 வெள்ளி. அறுபதைத் தாண்டியவருக்குச் சம்பாதிப்பவர் கழிவு 8,000. மிச்சம் 13,000, வரி இல்லை. மேலும் தகுதி இருந்தால் வொர்க்ஃபேர் வரும். அறுபது வயதுக்கு மேல் ஆண்டுக்கு அதிகபட்சம் 4,900 வெள்ளி, அதில் 40 விழுக்காடு ரொக்கம், மிச்சம் சிபிஎஃப்பில். ஓய்வு வயது 2026 ஜூலை 1 முதல் 64, மறுவேலை வயது 69. வரிக்குப் பயந்து வேலையை விடாதீர்கள். முட்டி வலித்தால் விடுங்கள்.

நான் போன பிறகு வீடு பிள்ளைகளுக்குப் போகும்போது வரி?

மரபுரிமை வரி 2008 பிப்ரவரி 15 முதல் சிங்கப்பூரில் இல்லை. ஏற்கெனவே வீடு உள்ள மகன் உயிலின்படி உங்கள் வீட்டைப் பெற்றால் கூடுதல் முத்திரை வரியும் அதற்கு வராது. ஆனால் அதன் பிறகு அவர் இன்னொரு வீடு வாங்கப் போனால், வந்த வீடும் எண்ணிக்கையில் சேரும். இரண்டாவது வீட்டுக்குச் சிங்கப்பூரருக்கு 20 விழுக்காடு, மூன்றாவதுக்கு 30. வீவக வீடென்றால் அதை வைத்துக்கொள்ளும் தகுதி தனிக் கேள்வி. ஊரில் உள்ள நிலம் இந்தியச் சட்டப்படி. அதை விற்றால் வரி அங்கேதான், விற்ற பணத்தை இங்கே கொண்டுவரும்போது இங்கே வரி இல்லை.

கடிதம் வந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். என்ன ஆகும்?

வருமான வரியைக் கெடுவுக்குள் கட்டாவிட்டால் 5 விழுக்காடு அபராதம், அதற்கு மேலும் இழுத்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு, 12 வரை. வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுக்கவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. முதல் தடவை என்றால், உடனே வரியைக் கட்டிவிட்டு அபராதத்தை விலக்கச் சொல்லி எழுதுங்கள்; பல நேரம் இரங்குவார்கள். சொத்து வரி ஜனவரி 31-க்குள். பொங்கல் முடிந்த கையோடு கட்டிவிடுவது எங்கள் கடைக்காரர்களின் வழக்கம்.